மூன்றாம் வரிசைக்கு ஒரு பெயர்

எட்டு மணி பத்து. வலது சப்பாத்து போட்டாயிற்று, இடது சப்பாத்து இன்னும் வாயைத் திறந்தபடி கம்பளத்தில் கிடக்கிறது, என் பெண்சாதி மங்கை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறேன். உதவிக்குப் போகக் கூடாது. வீட்டுக்கு வந்து சிகிச்சை கொடுக்கிற எலேனி என்ற கிரேக்கப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: அவள் கேட்டாலொழியக் கை வைக்காதே, கை பரபரத்தால் நூறு வரை எண்ணு. நான் மூன்றாவது நூறில் நிற்கிறேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில் குட்டி ஸ்டூலில் அவள், மாடிப்படியின் இரண்டாவது படியில் நான், இடையில் நாலடி. நாலடி என்று சும்மா சொல்லவில்லை, நான் அளந்து பழகியவன், கண்ணாலேயே அளப்பேன், நாலடி இரண்டு அங்குலம். கையில் போன். போனில் நடைக்குழுவுக்கான செய்தி பாதியில் நிற்கிறது. ஒன்பது மணிக்குள் போகவேண்டும், சனிக்கிழமை நடை, இன்று வியாழன், பதினெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள், விமலா ரீச்சர் ஆறரைக்கே ஒரு கேள்விக்குறி அனுப்பிவிட்டார். வேறொன்றுமில்லை, வெறும் கேள்விக்குறி. ஓய்வுபெற்று இருபது வருடமாகியும் வகுப்பு கலையவில்லை. மூன்று வரிசை எழுதவேண்டும், ஒவ்வொரு வரிசைக்குக் கீழேயும் பெயர்கள். முதலாவது காட்டுப் பாதை, இரண்டாவது ரயில் பாதையில் நீள நடை, மூன்றாவது அதே ரயில் பாதையில் எண்ணூறு மீற்றர், போய் வாங்குப் பலகையில் இருந்து ரீ குடித்துவிட்டுத் திரும்புவது. பதினெட்டுப் பேரையும் போட்டுவிட்டேன். ஒரு பெயர் மிச்சம். முந்தாநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து, கரண்டியை வலக்கையில் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை நானும் வாறன்" என்றாளே, அந்தப் பெயர்.

ஏழு மாதமாக நான் நடை நடத்தவில்லை. குழு என்ன செய்தது என்றால் சனிக்கு சனி அதே பூங்காவை ஆறு தரம் சுற்றிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டு வீட்டுக்குப் போனது. இடம் தேர்ந்தெடுக்க ஆளில்லை. மெல்பேண் பக்கத்துக் காடுகளும் பழைய ரயில் பாதைகளும் வரைபடத்தில் எல்லோருக்கும்தான் கிடைக்கின்றன, ஆனால் எழுபது வயது முழங்காலோடு அதைப் படிக்கத் தெரியவேண்டும். எங்கே படி இருக்கிறது, எங்கே வாங்கு இருக்கிறது, மலசலகூடம் எத்தனையாவது நிமிடத்தில் வரும், மழை பெய்தால் எந்த இடத்தில் களிமண் வழுக்கும், இதெல்லாம் அரசாங்கப் பலகையில் எழுதியிருக்காது. நான் ஒரு வாரம் முன்னதாகவே தனியாகப் போய் எல்லாவற்றையும் நடந்து பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். தனியாக என்றால் மங்கையோடு. அப்புறம் தரம் பிரிப்பேன். தரப்படுத்தல் என்று முதல் கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், பாலேந்திரன் பிடித்துக்கொண்டார். "ஊரிலை தரப்படுத்தித்தான் எங்களை யூனிவசிற்றிக்கு வெளியிலை விட்டவங்கள். இஞ்சையும் வந்து ஒருத்தர் தரப்படுத்துறார்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பத்து நிமிடத்துக்கு நெஞ்சு எரிந்தது, ஏனென்றால் அந்தத் தரப்படுத்தலில் நாலு புள்ளியால் வெளியே விழுந்து, எஞ்சினியராக வேண்டியவன் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடிக்கப் போனவன் நான். நாலு புள்ளி. வேறு மாவட்டமென்றால் உள்ளே. ஒருவனுக்கு என்ன ஏலும் என்பதை எங்கேயோ ஒரு மேசையில் யாரோ எழுதிவிடுகிறான், அதற்குப் பிறகு அவன் அதுதான். அந்த யாரோ இப்போது நான். வரிசைகளுக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றபோது விமலா ரீச்சர் எழும்பி, ஏன் இவ்வளவு யோசனை, ஏலும், கொஞ்சம் ஏலும், ஏலாது என்று போடுங்கோ என்றார். போட்டோம். நாலு மாதமாக ஏலாது வரிசையில் ஒரு குருவி இல்லை. இரண்டு முழங்காலும் மாற்றியவர் ஏலும் வரிசையில், இதயத்துக்குக் கருவி வைத்தவர் ஏலும் வரிசையில், கைத்தடி இரண்டோடு வருகிறவர் பெரிய மனது பண்ணிக் கொஞ்சம் ஏலும். எங்கள் ஆட்கள் செத்தாலும் ஏலாது என்று எழுதமாட்டார்கள். ஏலாது என்றால் எங்கள் பேச்சில் முடியாது மட்டுமில்லை, வருத்தம், நோய் என்றும் பொருள், படுக்கையில் கிடக்கிற ஆள் என்றும் பொருள், இனி அவரை எதற்கும் கேட்கத் தேவையில்லை என்றும் பொருள். பிறகு பெயரை மாற்றி எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைக்குத் தரம் போட்டேன். ஆளுக்குப் போட்டால்தானே கோபம். பாதை கோபிக்காது.

அவள் இடது காலை வலக்கையால் தூக்கி வலது தொடையின் மேல் வைக்கப் பார்க்கிறாள். பாதி தூரம் வந்து கால் நழுவிப் போகிறது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ரயில் பாதையை யோசி. ரயில் பாதை நல்ல விஷயம். லிலிடேலிலிருந்து வோபேர்ட்டன் வரை நாற்பது கிலோமீற்றர், அறுபதுகளில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போட்டு மனிதரை நடக்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ரயில் நின்றபோது தண்டவாளத்தையும் சிலிப்பர்க்கட்டையையும் கழற்றிப் பதுங்குகுழிப் பங்கருக்கு மேலே போட்டோம். ஆளுக்கொரு தேவை. முதல் நாள் இந்தப் பாதையில் வந்தபோது மங்கை கேட்டாள், "இவ்வளவு மலைக்குள்ளை எப்பிடியப்பா இந்தப் பாதை மட்டும் மட்டமாய்க் கிடக்கு?" எனக்குப் புழுகம், சந்தோஷம் தாங்கவில்லை, என் துறை அல்லவா, அரை மணி நேரம் விளக்கினேன். ரயில் ஏற்றம் ஏலாத சீவன். பெரிய சத்தம் போடும், புகை விடும், ஆனால் நூறடிக்கு மூன்றடிக்கு மேல் ஏறச் சொன்னால் சக்கரச் சில்லு வழுக்கும். அதனால் அளக்கிறவன் மலையைச் சுற்றிப் போவான், மேட்டை வெட்டுவான், பள்ளத்தை நிரப்புவான், வளைந்து வளைந்து அதற்குத் தோதாக வழி பண்ணுவான். அந்த இரும்பு மூட்டையின் இயலாமைக்காக வெட்டிய வழி, இன்றைக்குச் சில்லுக்கதிரைக்கும் கைத்தடிக்கும் உதவுகிறது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ரயில் தன்னாலை ஏலாது எண்டு வெக்கப்படாமல் சொல்லியிருக்கு" என்றாள். நான் சிரித்தேன். சிரித்தேன்தானா, அல்லது அடுத்த வளைவின் சரிவை அளக்கப் போய்விட்டேனா, ஞாபகமில்லை. அவள் சொல்லுகிற நல்ல வார்த்தைகளில் பாதி இப்படித்தான் என் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும்.

இப்போது கால் தொடையில் ஏறிவிட்டது. ஏறியது. சப்பாத்தைத் தூக்குகிறாள். சப்பாத்தின் நாக்கு உள்ளே மடிந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது, வாயை மூடு குகதாசா, எழுபது, எழுபத்தொன்று. இழுத்து ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்து வாங்கலாம் என்று மகள் ஆரணி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள், கடைக்கும் கூட்டிக்கொண்டு போனாள், இவள் அதைக் கையால் தள்ளிவிட்டாள். கயிறு கட்டுகிற சப்பாத்துத்தான் வேண்டுமாம். ஒற்றைக் கையால் கயிறு கட்டுவதற்கு எலேனி ஒரு முறை காட்டிக்கொடுத்திருக்கிறாள், ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு மற்ற நுனியை மட்டும் கொண்டுபோய்க் கடைசியில் ஒரு சுருக்கு. அதை இவள் மூன்று வாரம் மேசைக் காலில் கட்டிப் பழகினாள். பிடிவாதம். இல்லை, பிடிவாதம் என்று சொல்லக் கூடாது, அந்தச் சொல்லை நான் என் வசதிக்காக வைத்திருக்கிறேன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டதற்கு மறுநாள் காலை, கைதடி தாண்டி, ஆரணிக்கு நாலு வயது, மங்கையின் இடுப்பில் நித்திரை, நான் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறேன். திரும்பிப் பார்த்து "ஏலுமே?" என்றேன். "ஏலும்." இன்னும் ஒரு மைல் போய், "ஏலுமே?" "ஏலும், நீங்கள் போங்கோ." அன்றைக்கு அவள் காலில் செருப்பு இல்லை என்பது எனக்குச் சாவகச்சேரியில்தான் தெரிந்தது. எங்கேயோ சேற்றில் போய்விட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மட்டும் நீங்கள் என்ன செய்வியள், சைக்கிளை விட்டுட்டு என்னைத் தூக்குவியளோ என்றாள். நாற்பத்தொரு வருடக் கலியாணத்தில் நான் கேட்ட கேள்வி அது ஒன்றுதான், அவள் சொன்ன பதிலும் அது ஒன்றுதான். கேட்பது என் கடமை, ஏலும் என்பது அவள் கடமை, இரண்டுபேரும் கடமையைச் செய்துவிட்டு மேற்கொண்டு நடப்போம். பார்சல் தரம் பிரிக்கும் இடத்தில் நான் பத்தொன்பது வருடம் வேலை செய்தபோதும் அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றே காலத்தைப் போக்கியபோதும் அப்படித்தான்.

போன் அடிக்கிறது. விமலா ரீச்சர். எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பார். "குகன், லிஸ்ற் எங்கை?" "அனுப்புறன் ரீச்சர், ஒன்பது மணி எண்டுதானே சொன்னனான்." "மங்கை வாறாவாம், ஆரணி சொன்னவள். எதிலை போட்டிருக்கிறீர்?" ஸ்டூலில் அவள் தலை நிமிரவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. ரீச்சரின் குரல் சுவருக்கும் கேட்கும். "இன்னும் போடேல்லை" என்றேன், மெதுவாக. "மூண்டிலை போடும். நானும் மூண்டுதான். முழங்கால் புதிசு, டொக்ரர் காட்டுக்குள்ளை போகவேண்டாமாம். ரெண்டு பேரும் வாங்கிலை இருந்து கதைப்பம்." சரி என்றேன். வைத்துவிட்டேன். அவ்வளவு சுலபம். மூன்றிலை போடும். ரீச்சருக்குச் சுலபம், ரீச்சர் அந்த அக்டோபர் சனிக்கிழமை வரவில்லை.

ஷெர்புரூக் காடு. ஆறு கிலோமீற்றர்ச் சுற்று. முந்திய வாரமே நடந்து பார்த்து எளிது என்று போட்டிருந்தேன். வானத்தைத் தொடுகிற மரங்கள், கீழே ஆள் உயரப் பன்னச்செடி, எங்கேயோ அந்தப் பறவை, வேறு பறவைகளைப் போலவும் கமராவைப் போலவும் ரம்பத்தைப் போலவும் குரல் கொடுக்குமே, தமிழில் யாழ்ப்பறவை. பாலேந்திரன் அதற்கும் ஒன்று வைத்திருந்தார், பேரைப் பாருங்கோ, யாழ்ப்பாணத்துப் பறவைதான், எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டைப் போலப் பேசும், சொந்தக் குரல்தான் மறந்துபோகும் என்று. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இரவு மழை பெய்து மண் நனைந்திருந்தது. நான் எப்போதும் கடைசியாக வருவேன், யார் களைக்கிறார், யார் நொண்டுகிறார் என்று பின்னால் இருந்துதான் தெரியும். எனக்கு முன்னால் மங்கை. அவளுக்கு முன்னால் மற்றவர்கள், வளைவு தாண்டி, சத்தம் மட்டும் கேட்கிறது. ஈரமண்ணில் அவள் சப்பாத்துத் தடம் ஒவ்வொன்றாக விழுகிறது, வலது தடம் அச்சுப்போல், இடது தடத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. நான் கோடுகளோடு வாழ்ந்தவன். முதலில் ஒரு விரற்கடை. பத்தடி தள்ளி இரண்டு அங்குலம். அப்புறம் நாலு அங்குலம், பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டே போன கோடு. நின்றேன். குனிந்து பார்த்தேன். மணிக்கூட்டையும் பார்த்தேன், ஒன்று இருபது, ஏன் பார்த்தேன் என்று தெரியாது, அளவு எடுக்கும்போது நேரமும் குறிப்பது பழக்கம். தலையை நிமிர்த்தினபோது அவள் முன்னால் பார்த்து நடந்துகொண்டிருந்தாள், இடது தோள் ஒரு நூல் கீழே. எனக்குத் தெரிந்தது. பெயர் தெரியவில்லை, பாரிசவாதம், பக்கவாதம் என்ற சொல்லெல்லாம் அப்போது வரவில்லை, ஆனால் ஏதோ பிழை என்று தெரிந்தது. ஏலுமே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் ஏலும் என்பாள், பிறகு எதற்குக் கேட்பது. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உண்மை வேறு. உண்மை என்னவென்றால், திரும்பிப் போவோம் என்று நான் சொல்லியிருந்தால் பதினான்கு பேரும் திரும்பவேண்டும், எளிது என்று போட்ட பாதையில் தரம் போட்டவனின் பெண்சாதியே விழுந்துவிட்டாள் என்று பாலேந்திரன் சொல்லவேண்டும், அதைக் கேட்டு நான் சிரிக்கவேண்டும். அது எனக்கு ஏலாமல் இருந்தது. முன்னாலிருந்து யாரோ, இன்னும் எவ்வளவு தூரம் அண்ணை என்று கூவினார்கள். "இந்தா வந்திட்டுது" என்றேன். மூன்று கிலோமீற்றர் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லுகிற பொய்தானே, ஊரில் வழி கேட்டால் எவன் உண்மைத் தூரம் சொன்னான், கிட்டத்தான், இந்தா, அந்த வளைவுதான். களைத்தவனுக்குச் செய்கிற தருமம் அது. அந்தத் தருமத்தை மங்கைக்குச் செய்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் இரண்டு நாற்பதுக்கு அவள் கையிலிருந்து ரீக் கோப்பை விழுந்தது. விழுந்ததைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள், அம்புலன்ஸ் மலை ஏறி வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டொக்ரர் கேட்டாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது. ஆரணி அப்போது காரை நிறுத்தப் போயிருந்தாள். மங்கையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் பொய் சொல்லியிருக்கலாம், கோப்பை விழுந்த நேரத்தைச் சொல்லியிருக்கலாம், ஆனால் கேட்டது நேரத்தை, எழுதப்போவது ஒரு படிவத்தில், படிவத்தில் பிழையான அளவு எழுத என் வாய்க்கு வரவில்லை. ஒன்று இருபது என்றேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள். பிறகு ஒருமுறை நிமிர்ந்தாள். கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னாள், திட்டவில்லை, திட்டியிருந்தால் நான் அவளோடு சண்டையாவது பிடித்திருப்பேன். இந்த உலகத்தில் அந்த ஒன்று இருபது தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான், அவளும் இதற்குள் ஆயிரம் நேரம் எழுதியிருப்பாள், என்னுடையதை மறந்திருப்பாள். ஆரணிக்குத் தெரியாது. ஆரணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்பா பக்கத்தில் நின்றபடியால்தான் அம்மா பிழைத்தவா என்று. என் காதுபடவே சொல்லுகிறாள். மங்கைக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக அவள் முகத்தில் அதைத் தேடுகிறேன். அவளைக் குளிக்க வார்க்கும்போது, சோற்றைப் பிசைந்து கொடுக்கும்போது, இடக்கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடும்போது, இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று. அவள் கேட்பது உப்புக் காணாது என்பதும் யன்னலைத் திறவுங்கோ என்பதும்தான். சில நேரம், தெரிந்தால் நல்லது என்று இருக்கிறது. சில நேரம், அவள் மூளையில் செத்துப்போன இடத்தோடு அந்தப் பகலும் செத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், நினைத்துவிட்டு, என்ன மனிதன் நான் என்று பயந்துபோகிறேன்.

ஆகவே மூன்றாம் வரிசை. எழுதினால் என்ன. மங்கையற்கரசி குகதாசன். எண்ணூறு மீற்றர், போகும்போது நானூறில் இன்னொரு வாங்கு, இரண்டு வாயில்கள், அகலம் முப்பத்தாறு அங்குலம், சில்லுக்கதிரை தாராளமாகப் போகும், நானே நாடா வைத்து அளந்தேன். ஆரணி நேற்றும் எழுதினாள், அப்பா அம்மாவைக் கதிரையில் வைத்துத் தள்ளுங்கோ, ஏன் கஷ்டப்படுத்துறியள் என்று. கதிரை கார்ப் பெட்டிக்குள் மடித்தபடி கிடக்கிறது, மங்கை இன்னும் அதில் ஒரு நாளும் இருக்கவில்லை. மூன்றில் போட்டால், உனக்கு இவ்வளவுதான் என்று மேசையில் இருந்து எழுதுகிற அந்த யாரோவாக இருப்பேன். இரண்டில் போட்டால், நாலு கிலோமீற்றர், அவள் ஏலும் என்பாள், நான் பின்னால் வருவேன், சரளைக்கல்லில் கோடு தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறதா. ஒன்றும் எழுதாமல் விட்டால், நடையே இல்லை, மழை என்று சொல்லலாம், பதினெட்டுப் பேரும் பூங்காவைச் சுற்றட்டும், ரோல்ஸ் சாப்பிடட்டும். விரல் பெயரை அடிக்கிறது, விரல் அழிக்கிறது. ம, ங், மறுபடி அழிக்கிறது. எண்ணிக்கொண்டிருந்த நூறு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஸ்டூல் பக்கமிருந்து மூச்சுச் சத்தம். மடிந்திருந்த நாக்கை அவளே கண்டுபிடித்து வெளியே இழுத்துவிட்டிருக்கிறாள், எப்போது என்று நான் பார்க்கவில்லை. கயிற்றின் நுனி பல்லில். ஒரு துளை, அடுத்த துளை. மேல் உதட்டில் வியர்வை. வெளியே தபால்பெட்டி வரை போய், தெரு வளைவு வரை போய்த் திரும்புவதுதான் இன்றைய பயிற்சி, அறுபது மீற்றர். வானம் நன்றாக வெளித்திருக்கிறது. சுருக்கை இழுக்கிறாள். இறுகுகிறது. இறுகிவிட்டது.

எட்டு ஐம்பது. காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள். இரண்டு சப்பாத்தும் பக்கத்தில் பக்கத்தில், வடிவாக. எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது, அழவேண்டும் போலும் இருந்தது, இரண்டையும் விட்டுவிட்டு எழும்பிக் கதவைத் திறந்தேன். "வாரும்" என்றேன். அவள் எழும்பவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "எனக்கு ஏலாதப்பா."

நான் திரும்ப வந்து அவளுக்கு முன்னால் தரையில் இருந்தேன். முழங்கால் மடிக்க எனக்கும் நோகிறது, மடித்தேன். நாற்பத்தொரு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. "களைப்போ?" என்றேன். "களைப்புத்தான். சப்பாத்துப் போட்டதே பெரிய நடையாப் போச்சு. சனிக்கிழமையும் ஏலாது. ரீச்சர் கூப்பிட்டவா எண்டு மூண்டிலை போடாதேங்கோ. எனக்கு இப்ப ஒண்டிலும் ஏலாது." சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். "மங்கை, அண்டைக்குக் காட்டுக்குள்ளை உம்மட கால் இழுபட்டதை நான் கண்டனான்" என்றேன். "கோப்பை விழ முந்தி. கனநேரம் முந்தி. கண்டிட்டுத்தான் பேசாமல் வந்தனான்."

"தெரியும்."

தெருவில் ஒரு கார் போனது. அவள் வலக்கையால் இடது முழங்காலைத் தடவினாள்.

"கால் ஒரு மாதிரி இருக்கெண்டு எனக்கும் விளங்கினது. பயத்திலை திரும்பிப் பாத்தனான். நீங்கள் குனிஞ்சு என்ரை தடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டியள். மணிக்கூட்டையும் பாத்தியள். சரி, இவர் வடிவாப் பாத்திட்டார், ஏதும் பிழை எண்டால் சொல்லுவார்தானே எண்டு நினைச்சன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஒண்டும் இல்லையாக்கும் எண்டு நிம்மதியா நடந்தன்."

நிம்மதியா என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. போன் படியில் எங்கேயோ அதிர்ந்தது, ரீச்சராக இருக்கும், அல்லது பாலேந்திரனாக இருக்கும். "கழட்டிவிடுங்கோப்பா, கால் வீங்குது" என்றாள். இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கனமாக இருந்தது. ஒற்றைக் கையால் போட்ட முடிச்சு, ஆனால் அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தாள், என் இரண்டு கைக்கும் அது பிடிபடவில்லை. கண் மறைத்தது. நேரம் எடுத்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.